தண்ணீர் ஊற்றிப் போட்ட மைதானம்

ஐஸ் உங்களுக்குத் தெரியும். ஜங்லிகாட்டில் மீன் இறங்கும்போது, பெட்டி பெட்டியாக ஐஸை உடைத்துப் போடுகிறார்கள். கடைத்தெருவில் சர்பத்தில் ஐஸ் போடுகிறார்கள். வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் கரைந்து ஓடிவிடும்.

அந்த ஐஸின் மேல் ஓர் ஊரே ஏறி நிற்கிறது. ஓடுகிறது. பந்தயம் ஆடுகிறது. நம்ப முடிகிறதா?

நம் நாட்டில்தான் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அதன் பெயர் லடாக். இந்திய வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வலப்பக்கம் கீழே, கடலுக்கு நடுவில், நம் தீவுகள் இருக்கின்றன. விரலை அங்கிருந்து மேலே கொண்டு போங்கள். வடக்குக் கோடியில், இமயமலைக்கு அப்பால் இருப்பது லடாக். நம்மைப் போலவே அதுவும் ஒரு யூனியன் பிரதேசம். 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் அப்படி ஆனது.

லடாக்கின் முக்கிய நகரம் லே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தீவுகளில் மிக உயரமான மலை எது? திக்லிபூர் பக்கம் உள்ள சேடில் பீக். அதன் உயரம் 732 மீட்டர். ஐந்து சேடில் பீக் மலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள். கிட்டத்தட்ட அந்த உயரத்தில் லே நகரத்து மக்கள் வீடு கட்டி வாழ்கிறார்கள்.

நமக்கு மழை அதிகம். ஆண்டுக்கு ஏறத்தாழ 300 சென்டிமீட்டர் பெய்கிறது. லே நகரத்தில் ஆண்டு முழுவதும் சேர்த்தால் 10 சென்டிமீட்டர் அளவுதான் மழையும் பனியும். அது மரம் இல்லாத வறண்ட மலை நாடு. மலை உச்சியில் உறைந்து கிடக்கும் பனி, கோடையில் உருகி ஓடையாக இறங்கும். அந்த ஓடைத் தண்ணீரில்தான் பார்லியும் கோதுமையும் விளைகின்றன.

நம் தீவுகளில் மார்கழியில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். லடாக்கில் குளிர்காலத்தில் அது மைனஸ் 20 டிகிரிக்கும் போகும். மைனஸ் என்றால் பூஜ்யத்துக்கும் கீழே. பூஜ்யம் டிகிரியிலேயே தண்ணீர் உறைந்து ஐஸ் ஆகிவிடும். அதற்கும் கீழே 20 என்றால் எண்ணிப் பாருங்கள். குளம் உறையும். ஓடை உறையும். வாளியில் இருக்கும் தண்ணீரும் உறையும்.

அந்த மாதங்களில் வயலில் வேலை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுமுறை. முன்பெல்லாம் மலைப் பாதைகள் பனியால் மூடிவிடும். மாதக் கணக்கில் லாரி வராது. கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுபோனால் நமக்கு எப்படி இருக்கும்? அவர்களுக்கும் அப்படித்தான். வீட்டுக்குள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டும். இளம் பிள்ளைகள் எத்தனை நாள் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்?

அவர்கள் உறைந்த குளத்தின் மேல் இறங்கினார்கள்.

பூட்ஸும் இரும்புத் தகடும்

ஐஸ் ஹாக்கி என்பது ஒரு விளையாட்டு. ஓர் அணிக்கு 6 பேர் களத்தில் இருப்பார்கள். அதில் ஒருவர் கோல் காப்பவர். கையில் நீண்ட மட்டை. ஆனால் பந்து கிடையாது. பந்துக்குப் பதில் கெட்டி ரப்பரால் ஆன ஒரு வட்டத் தட்டு. அதன் பெயர் பக். 3 அங்குல அகலம், 1 அங்குல கனம் இருக்கும். காலில் சறுக்குக் காலணி போட வேண்டும். ஆங்கிலத்தில் அதை ஸ்கேட்ஸ் என்கிறார்கள். அதன் அடியில் கத்தி போல ஓர் இரும்புத் தகடு இருக்கும். அந்தத் தகட்டின் மேல் நின்று ஐஸில் வழுக்கிக்கொண்டே ஓட வேண்டும். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதியாக ஆட்டம் நடக்கும்.

லடாக் எல்லைப் பகுதி. அங்கே ராணுவத்தினர் அதிகம். அவர்கள் வழியாகத்தான் இந்த ஆட்டம் ஊருக்குள் வந்தது என்கிறார்கள். 1970களில் லே நகரத்தில் உள்ள கர்சூ குளத்தில் இளைஞர்கள் ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

சறுக்குக் காலணிக்கு எங்கே போவது? அது விலை உயர்ந்த பொருள். கடையிலும் கிடைக்காது. அவர்கள் பழைய ராணுவ பூட்ஸை எடுத்தார்கள். அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தினார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள். பிற்பாடு கனடா போன்ற நாடுகளிலிருந்து வந்த நண்பர்கள் பழைய காலணிகளும் மட்டைகளும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இங்கே நம் நிக்கோபார் மக்களின் ஹோடிப் பந்தயம் என் நினைவுக்கு வருகிறது. கடலில் போய்வர மரத்தைக் குடைந்து படகு செய்தவர்கள், அதே படகில் பந்தயமும் விட்டார்கள். கடல் இருக்கும் இடத்தில் படகுப் பந்தயம் பிறக்கிறது. குளிர் இருக்கும் இடத்தில் சறுக்கு ஆட்டம் பிறக்கிறது.

மைதானம் போடும் முறை

குளம் தானாக உறையும். அதுபோதும் என்று நினைக்கலாம். ஆனால் எல்லா ஊரிலும் குளம் இல்லை. தானாக உறைந்த ஐஸ் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆழமான குளத்தில் ஐஸ் மெல்லியதாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஒருவர் நடப்பதற்கே 4 அங்குல கனமாவது வேண்டும் என்பார்கள். அதனால் லடாக்கில் பல கிராமங்களில் மக்களே மைதானம் போடுகிறார்கள்.

நம் ஊரில் கைப்பந்து மைதானம் போடுவது எப்படி? புல்லைச் செதுக்கி, மேட்டை வெட்டி, மண்ணை நிரவுவோம். அங்கேயும் முதல் வேலை அதுதான். வயலிலோ வெற்று நிலத்திலோ ஓர் இடத்தைச் சமமாக்குகிறார்கள். மலையின் நிழல் விழும் இடமாக இருந்தால் நல்லது. வெயில் அதிக நேரம் படாது. சுற்றிலும் வரப்புப் போல மண்ணை அணைக்கிறார்கள். பிறகு தண்ணீர்.

தண்ணீரை எப்போது ஊற்ற வேண்டும்? இரவில். குளிர் மிகக் கடுமையாக இருக்கும் நேரத்தில். நாம் போர்வைக்குள் சுருண்டு படுக்கும் நேரத்தில், அவர்கள் குழாயும் வாளியுமாக வெளியே நிற்க வேண்டும்.

எவ்வளவு ஊற்ற வேண்டும்? இதில்தான் நுட்பம் இருக்கிறது. வயலுக்குப் பாய்ச்சுவது போல ஒரே தடவையில் நிரப்பினால் வேலை கெட்டுவிடும். மேல்பக்கம் மட்டும் உறைந்து தோல் போல ஆகும். உள்ளே தண்ணீர் உறையாமல் நிற்கும். அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிட்டால், நடுவில் வெற்றிடம் ஆகிவிடும். கால் வைத்தால் உடையும். ஆகவே மெல்லிய படலமாக ஊற்ற வேண்டும். அது உறைந்த பிறகு இன்னொரு படலம். அதன் மேல் இன்னொன்று. தோசை மேல் தோசை அடுக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். பெரிய ஆட்டத்துக்கு உரிய மைதானம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் இருக்கும். பெருக்கினால் 1,800 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க 1 லிட்டர் வேண்டும். அப்படியானால் மைதானம் முழுவதும் 1 மில்லிமீட்டர் நிற்க 1,800 லிட்டர். நம் வீட்டுக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 120 குடம். ஐஸ் 10 சென்டிமீட்டர் கனம் வர வேண்டுமானால் இதைப்போல் 100 மடங்கு. அதாவது 12,000 குடம்!

இது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. அரசாங்க ஒப்பந்தக்காரர் வந்து ஒரு நாளில் செய்துவிட்டுப் போகிற வேலையும் இல்லை. பல இரவு, பல பேர் வர வேண்டும். ஓடையிலிருந்து குழாய் வழியாகவோ வாய்க்கால் வழியாகவோ தண்ணீரைத் திருப்ப வேண்டும். சண்டை இல்லாமல் செய்ய வேண்டும்.

அதற்கு அவர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உதவுகிறது. லடாக் கிராமங்களில் வயலுக்குத் தண்ணீர் பங்கிட ஒருவரை ஊரே தேர்ந்தெடுக்கும். அவரைச் சுர்போன் என்பார்கள். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று அவர் முறை வைப்பார். நம் பெற்றோர் வந்த தமிழ்நாட்டு ஊர்களிலும் இப்படி ஒருவர் உண்டு. நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் சொல்வார்கள். கோடையில் ஒரு வாய்க்கால் தண்ணீருக்காக முறை வைத்துப் பழகியவர்களுக்கு, குளிர்காலத்தில் மைதானத்துக்கு முறை வைப்பது பெரிய காரியமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் ஓடும் தண்ணீர் பயிருக்குத் தேவைப்படுவது இல்லை. வீணாக ஓடித்தான் போகும். அதனால் யார் பங்கையும் பிடுங்காமல் மைதானம் போட முடிகிறது.

மைதானம் ஒரு முறை உறைந்ததும் வேலை தீர்ந்துவிடாது. பனி விழுந்தால் காலையில் தள்ள வேண்டும். பள்ளம் விழுந்த இடத்தில் தண்ணீர் விட்டு அடைக்க வேண்டும். தூசி படிந்தால் கூட்ட வேண்டும். கறுப்புத் தூசி வெயிலை உறிஞ்சும். அந்த இடத்தில் ஐஸ் சீக்கிரம் உருகிக் குழி விழும். நாள் முழுவதும் ஆடியதில் தகடு கீறிய கோடுகள் இருக்கும். இரவில் மறுபடி ஒரு படலம் தண்ணீர். விடிந்தால் கண்ணாடி போல ஆகிவிடும்.

இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டியபோது, எங்கள் மையத்தில் மீன்பிடிக்கும் அண்ணன் ஒருவர் கேட்டார்: “குளம் உறைஞ்சா உள்ளே இருக்கிற மீன் செத்துப் போகாதா தம்பி?” நல்ல கேள்வி. ஐஸ் தண்ணீரில் மிதக்கும். உங்கள் ஐஸ் பெட்டியிலேயே பார்த்திருப்பீர்கள். அதனால் குளம் மேலிருந்துதான் உறையும். மேலே உள்ள ஐஸ் ஒரு மூடி போலக் குளிரைத் தடுக்கும். ஆழமான குளத்தில் அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். மீன் அங்கே பிழைத்துக் கிடக்கும்.

பெண்களுக்கு எப்போது இடம்?

மைதானம் எல்லோரும் சேர்ந்து போட்டதுதான். ஆனால் அதில் ஆடியவர்கள் யார்? நெடுநாள் வரை ஆண்கள்தான். பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்தார்கள். ஆண்கள் ஆடி முடித்து, ஐஸ் கீறல் விழுந்த பிறகு, கொஞ்ச நேரம் இறங்கலாம். காலணியும் ஆண்களுடையதுதான். காலுக்குப் பெரிதாக இருக்கும். எங்கேயோ கேட்ட கதை போல இருக்கிறதா? நம் பள்ளிக்கூட மைதானத்தில் மாலை நேரத்தில் யார் ஆடுகிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள்.

இந்த நிலை மாறியதில் செக்மோல் என்ற அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. லடாக்கின் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து 1988இல் அதைத் தொடங்கினார்கள். அப்போது லடாக்கில் பத்தாம் வகுப்பில் மிகப் பலர் தோற்றார்கள். தோற்ற பிள்ளைகளுக்கு உதவவே அந்த அமைப்பு வந்தது. லே நகரத்துக்கு அருகில் ஃபே என்ற கிராமத்தின் பக்கம் அவர்களுடைய வளாகம் இருக்கிறது. மண்ணால் கட்டிய வீடுகள். வெயிலின் சூட்டை உள்ளே பிடித்து வைத்துக் குளிரைச் சமாளிக்கிறார்கள். அங்கே தங்கிப் படிக்கும் மாணவர்களே தண்ணீர் ஊற்றி ஒரு ஐஸ் மைதானம் போட்டார்கள். தண்ணீர் ஊற்றும் வேலையில் பெண்களும் இருந்தார்கள். ஆட்டத்திலும் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது.

அங்கே ஆடப் பழகிய பெண்கள் பலர் பிற்பாடு இந்திய அணிக்கே போனார்கள். 2016இல் இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி முதல் தடவையாக வெளிநாட்டுப் போட்டிக்குப் போனது. தைவான் நாட்டின் தைபே நகரத்தில் போட்டி. ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. மற்ற நாட்டு அணிகளுக்கு மின்சாரத்தால் குளிர வைக்கும் மைதானம் உண்டு. ஆண்டு முழுவதும் பழகலாம். லடாக் பெண்களுக்கு ஆண்டில் இரண்டு மாத ஐஸ்தான்.

அடுத்த ஆண்டு, 2017இல், பாங்காக் நகரத்தில் போட்டி. போய்வரப் பணம் போதவில்லை. பொதுமக்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டினார்கள். போனார்கள். பிலிப்பைன்ஸ் அணியை 4க்கு 3 என்ற கோல் கணக்கில் வென்றார்கள். அதுதான் அவர்களுடைய முதல் வெற்றி.

2018 ஜனவரியில் கனடாவிலிருந்து ஹேலி விக்கன்ஹைசர் லடாக்குக்கு வந்தார். ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கம் வென்ற வீராங்கனை அவர். இந்தப் பெண்களுடன் அந்த ஐஸில் ஆடினார், பயிற்சி கொடுத்தார். 2025 ஜூன் மாதம் ஐக்கிய அரபு நாட்டின் அல் ஐன் நகரத்தில் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. இந்தியப் பெண்கள் அணி வெண்கலப் பதக்கம் வாங்கியது. அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள்.

பெரிய கட்டடமும் சிறிய குளமும்

ஐஸ் மைதானத்துக்குக் கட்டடம் கட்டினால் நல்லதுதானே? கட்டினார்கள். உத்தராகண்ட் மாநிலத்தில் டேராடூன் நகரத்தில் 2011இல் பெரிய மூடிய ஐஸ் அரங்கம் கட்டினார்கள். தெற்காசியக் குளிர்கால விளையாட்டு அங்கே நடந்தது. இயந்திரத்தால் ஐஸ் உறைய வைக்க வேண்டும். மின்சாரச் செலவு மிக அதிகம். விளையாட்டு முடிந்ததும் அரங்கத்தைச் சரியாக நடத்த முடியவில்லை. பல ஆண்டுகள் அது பூட்டியே கிடந்தது. 2025இல்தான் மறுபடி திறந்து போட்டி நடத்தினார்கள். கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் ஆண்டு முழுவதும் பழக முடியாது. ஆனால் அது பூட்டிக் கிடந்த அத்தனை ஆண்டுகளிலும், லடாக் கிராமங்களில் வாளித் தண்ணீர் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது.

2024 பிப்ரவரியில் மத்திய அரசின் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு லடாக்கில் நடந்தது. பல மாநிலத்து வீரர்கள் லே நகரத்துக்கு வந்தார்கள். ராணுவ பூட்ஸில் தகடு கட்டி ஆடிய ஊருக்கு, நாடே வந்து ஆடியது.

ஆனால் இப்போது வேறு ஒரு கவலை. உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது. கடல் ஓரத்தில் வாழும் நமக்கு அது தெரியும். மலையில் வாழ்பவர்களுக்கும் தெரிகிறது. இமாசலப் பிரதேசத்தில் சிம்லாவில் 1920 முதல் ஒரு ஐஸ் மைதானம் இருக்கிறது. டென்னிஸ் ஆடும் இடத்தில் தண்ணீர் விட்டு உறைய வைத்துத் தொடங்கியது. அங்கே இப்போது ஐஸ் நிற்கும் நாட்கள் குறைந்துவிட்டன. லடாக்கிலும் மலைப் பனி சுருங்கி வருகிறது. வசந்த காலத்தில் விதைக்கும் நேரத்துக்கு ஓடையில் தண்ணீர் வருவதில்லை.

அதற்கும் ஐஸையே மருந்தாக்கினார்கள். செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் 1987 முதல் மலைச்சரிவில் சிறு தடுப்புகள் கட்டி, குளிர்காலத் தண்ணீரை உறைய வைத்துச் சேமித்தார். அவருக்கு 2015இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. செக்மோலைத் தொடங்கியவர்களில் ஒருவரான சோனம் வாங்சுக் இன்னொரு வழி கண்டார். உயரத்திலிருந்து குழாயில் தண்ணீரைக் கீழே கொண்டுவந்து, குழாயின் முனையை மேல் நோக்கி நிமிர்த்தினார். தண்ணீர் தன் வேகத்திலேயே மேலே பீறிட்டது. மோட்டார் வேண்டியதில்லை. குளிரில் அது விழும்போதே உறைந்தது. நெல் அம்பாரம் போல ஐஸ் குவிந்தது. கூம்பு வடிவில் இருப்பதால் வெயில் குறைவாகவே படும். மெதுவாக உருகும். சித்திரை, வைகாசியில் வயலுக்கும் மரக்கன்றுக்கும் தண்ணீர் கிடைக்கும். 2013இல் சோதித்துப் பார்த்து, பிறகு ஃபியாங் கிராமத்தில் பெரிதாகச் செய்தார்கள்.

குளிர்காலம் முடிந்ததும் ஆட்ட மைதானமும் உருகிவிடும். வயலில் போட்ட மைதானமாக இருந்தால், உருகும் தண்ணீரின் ஒரு பங்கு அந்த மண்ணிலேயே இறங்கும். அந்த இடத்தில் ஏர் ஓடும். அடுத்த குளிர்காலத்தில் மறுபடி முதல் படலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கணக்குப் போடுங்கள்

ஒரு கிராமத்தில் 45 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மைதானம் போடுகிறார்கள். 1 மில்லிமீட்டர் படலத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்? 15 லிட்டர் குடத்தில் எத்தனை குடம்? ஊரில் 30 பேர் இரவில் வேலைக்கு வந்தால், ஒருவர் எத்தனை குடம் ஊற்ற வேண்டும்?